கடலின் நீலத்தில் தொடங்கி மருந்துச்சாலை வரை: சேர் சி.வி. இராமனின் வாழ்வும் அவரது ஒளியும்

நீரில் கரையாத மருந்து நோயாளியின் உடலில் சேர்வது கடினம். மூட்டுவலிக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் வழங்கப்படும் மருந்துகள் பலவற்றுக்கு இக்குறை உண்டு. இதற்கு மருந்தாக்க விஞ்ஞானிகள் கண்ட பரிகாரங்களுள் ஒன்று விந்தையானது. மாப்பொருளிலிருந்து பெறப்படும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளைய வடிவ மூலக்கூறின் குழிவுக்குள் மருந்தின் மூலக்கூறை அமர்த்திவிடுவதே அந்தப் பரிகாரமாகும். வெளியே நீரோடு உறவு கொள்ளும் அவ்வளையம், தன்னுள் இருக்கும் விருந்தாளியையும் சேர்த்து நீருக்குள் கொண்டு செல்கிறது.

ஆயின் மருந்து உண்மையாகவே உள்ளே புகுந்துவிட்டதா, அல்லது இரண்டு தூள்களும் வெறுமனே கலந்து கிடக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? எந்தச் சாதாரண நுணுக்குக்காட்டியாலும் காண முடியாத அளவு நுண்ணிய விடயம் இது. இதற்கு விடை கூறும் முறைகளுள் முக்கியமான ஒன்று இராமன் நிறமாலையியல். அதற்குத் தம் பெயரை ஈந்தவர் 1970இல் காலமாகிவிட்டார். அவர் தேடியது மருந்தை அல்ல. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கான காரணத்தையே. விஞ்ஞானத்தை முறையாகக் கற்றிராத எம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கும் இவ்வரலாறு சொல்லும் செய்தி உண்டு என்பதாலேயே அவரது வாழ்வை இங்கு மீட்டுப் பார்க்க விழைகிறோம்.

கணக்காளராகத் தொடங்கிய வாழ்வு

சந்திரசேகர வேங்கடராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்த விரிவுரையாளர். குடும்பம் விசாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்ததால் சிறுவரின் பள்ளிக் கல்வி அங்கேயே அமைந்தது. வீட்டில் நூல்களும் இருந்தன, வயலினும் இருந்தது. ஒலியின்பால் அவருக்கிருந்த நாட்டம் பிற்காலத்தில் ஒளியின் இரகசியத்தைத் திறக்க உதவியதென்பதை முன்கூட்டியே கூறிவைப்பது பொருந்தும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1904இல் பௌதிகவியலில் தங்கப்பதக்கத்துடன் இளமாணிப் பட்டம் பெற்றார். 1906இல், பதினெட்டு வயதும் முழுமையாக நிறையாத மாணவராக இருந்தபோதே, ஒளியின் கோணல் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை இலண்டனில் வெளியாகும் ஆய்விதழொன்றில் இடம்பெற்றது. 1907இல் முதுமாணிப் பட்டமும் கிட்டியது. இத்தகைய மாணவர்கள் அந்நாளில் இங்கிலாந்துக்கு அனுப்பப்படுவது வழமை. ஆனால் மெலிந்த உடலைக் கண்ட மருத்துவ அதிகாரி, அந்நாட்டின் குளிரை இவர் தாங்கமாட்டார் எனத் தீர்ப்பளித்துவிட்டார். அந்த ஒரு மருத்துவச் சான்றிதழ் அவரைத் தாயகத்திலேயே தங்க வைத்தது.

ஆய்வையே தொழிலாகக் கொள்வதற்கு அக்கால இந்தியாவில் இடமிருக்கவில்லை. எனவே நிதிச் சேவைப் போட்டிப் பரீட்சைக்குத் தோற்றி அதில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். நல்ல சம்பளமும் சமூக மதிப்பும் உடைய பதவி அது. மற்றொருவர் அத்தோடு நிறைவடைந்திருப்பார்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்கையில் பௌபஜார் வீதி 210ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. அரசின் தயவில் தங்கியிராமல் இந்தியர்களே விஞ்ஞானம் பயில வேண்டுமென்ற ஆவலில் எழுந்த அந்த நிறுவனம், நிறுவியவரின் மறைவுக்குப் பின் ஆளரவமின்றிக் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே என்னும் பணியாளர். அன்றிலிருந்து சுமார் கால் நூற்றாண்டு காலம் அவர் இராமனின் உதவியாளராக விளங்கினார். விருதுப் பட்டியல்களில் இடம்பெறாத இத்தகைய கைகளை வரலாறு மறந்துவிடுவது வழக்கம்.

அதிகாலையில் ஆய்வுகூடம், பகலில் காரியாலயம், மாலையில் மீண்டும் ஆய்வுகூடம் என இராமனின் நாட்கள் கழிந்தன. இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகி, 1911இல் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார். இக்காலத்தில் அவர் பெரிதும் ஆராய்ந்தது இசைக்கருவிகளின் அதிர்வுகளையே. மிருதங்கத்திலும் தபேலாவிலும் தோலின் நடுவே பூசப்படும் கரும்பசை வெறும் அலங்காரமன்று. சாதாரண பறையில் ஒழுங்கற்று எழும் மேற்சுரங்களை அது இசைக்கு இயைந்த ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு பொருளோடு இன்னொன்று சேர்ந்தால் அதன் அதிர்வு மாறும் என்ற இந்த உண்மையை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்வார்களாக. இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பௌதிகவியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியை இழக்க நேரும் எனத் தெரிந்தும் அரச உத்தியோகத்தைத் துறந்தார். அப்பதவிக்குரியவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் உடன்படவில்லை. துணைவேந்தராக இருந்து பல்கலைக்கழகத்தை வளர்த்த சேர் ஆசுதோஷ் முகர்ஜியே அந்தத் தடையை நீக்க வழிசெய்தார்.

கப்பல் தளத்தில் எழுந்த கேள்வி

1921இல் ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதன்முறையாக அவர் கடல் கடந்தார். திரும்பும் வழியில் நார்குண்டா என்ற கப்பலின் தளத்தில் நின்றபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. கடல் நீலமாகத் தோன்றுவது வானத்தைப் பிரதிபலிப்பதனாலேயே என்பது அக்காலத்தின் பேரறிஞரான ரேலி பிரபுவின் கருத்து. இராமனின் சட்டைப்பையில் நிக்கல் அரியம் என்னும் சிறு கருவி இருந்தது. அதனூடாக நோக்கி, நீரின் மேற்பரப்பிலிருந்து தெறித்து வரும் வான ஒளியை அவர் விலக்கினார். நீலம் மறையவில்லை. மாறாக மேலும் செறிவாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு வந்த அவர், கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அதனை எழுதி இங்கிலாந்தின் நேச்சர் இதழுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஏழு ஆண்டுகள் பொறுமையின் ஆண்டுகளாயின. 1923இல் அவரது மாணவர் கே.ஆர். இராமநாதன் நீரினூடாக ஒளியைச் செலுத்தியபோது, சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறு ஒன்று தென்பட்டது. நீரிலுள்ள மாசுகள் ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் உமிழ்கின்றன, அதாவது இது புளோரொளிர்வு என்றே முதலில் கருதினர். மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கியும் அது அகலவில்லை. பின்னர் எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் கண்ட பச்சை நிறச் சிதறல் ஒளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருந்தது. சாதாரண புளோரொளிர்வுக்கு இல்லாத பண்பு அது. எக்ஸ் கதிர்களின் சிதறலில் அலைநீளம் மாறுவதைக் கண்ட கொம்ப்டனுக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தமை, கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் இத்தகைய மாற்றம் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை இராமனிடத்தில் உறுதிப்படுத்தியது.

1928 பெப்ரவரியில் கே.எஸ். கிருஷ்ணன் அவரோடு இணைந்து முழுமூச்சாக ஆய்வில் இறங்கினார். சூரிய ஒளி, ஒரு தொலைநோக்கி வில்லை, நிறக் கண்ணாடி வடிகட்டிகள், தூய திரவங்கள் நிரப்பிய குடுவைகள் ஆகியவற்றோடு மனிதக் கண்ணே அவர்களது கருவியாக இருந்தது. சுமார் 60 திரவங்களில் இப்புதிய ஒளி காணப்பட்டது. பெப்ரவரி 28ஆம் திகதி நிறமாலைகாட்டியினூடாக நோக்கியபோது, செலுத்திய ஒளியிலிருந்து இருளான இடைவெளியால் பிரிக்கப்பட்டு வேறொரு நிறப்பட்டை தனியே நின்றது. மறுநாள் செய்தி பத்திரிகைகளுக்கு அறிவிக்கப்பட்டது. இரச ஆவி விளக்கைப் பயன்படுத்தியபோது அப்பட்டை தெளிவான கோடுகளாகப் பதிவாகியது.

அவர்கள் கண்டது என்ன? மூலக்கூறின் அணுக்கள் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அதன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதி மாற்றமின்றிச் சிதறுகிறது. மிக அருமையாக, சிதறும் ஒளித்துணிக்கைகளில் கோடியில் ஒன்று என்ற அளவில், ஒளி தன் சக்தியில் ஒரு சிறு பங்கை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறுகிறது. எவ்வளவு கொடுத்தது என்பதை அளந்தால் அந்த அதிர்வின் மீடிறன் தெரிந்துவிடும். தட்டிப் பார்த்து மிருதங்கத்தை இனங்காண்பது போல, ஒளியால் தட்டி மூலக்கூறை இனங்காணும் கலை இவ்வாறு பிறந்தது.

பெருமையும் குறையும்

1930ஆம் ஆண்டுக்கான பௌதிகவியல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. விஞ்ஞானத் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. எனினும் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. மொஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஸ்டாமும் அதே பெப்ரவரியில் குவார்ட்ஸ் படிகங்களில் இவ்விளைவைத் தாமாகவே கண்டிருந்தனர். ஆனால் அவர்களது அறிக்கை பின்னரே வெளிவந்தது. முதல் அறிவிப்பில் தம் பெயரையும் கொண்டிருந்த கிருஷ்ணனும் பரிசில் பங்கு பெறவில்லை. இராமன் தமது நோபல் உரையில் மாணவர்களின் பங்கைக் குறிப்பிட்டார். இருப்பினும் கிருஷ்ணனுக்குரிய இடம் எது என்ற விவாதம் இன்றளவும் தொடர்வதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1933இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானார். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து வெளியேறிய அறிஞர்களை அங்கு வரவழைக்க அவர் முயன்றார். மக்ஸ் போர்ன் சில மாதங்கள் அங்கு தங்கியும் இருந்தார். ஆனால் பௌதிகவியலுக்கே நிதியைத் திருப்புகிறார் என்ற முறைப்பாடும், யாரையும் அனுசரித்துப் போகாத அவரது சுபாவமும் சேர்ந்து 1937இல் பணிப்பாளர் பதவியை அவர் துறக்க நேர்ந்தது. பின்னாளில் படிகங்களின் அதிர்வு பற்றி அதே போர்னின் கோட்பாட்டை அவர் பிடிவாதமாக மறுத்தார். காலம் போர்னின் பக்கமே தீர்ப்பளித்தது.

பெண்களைப் பற்றிய அவரது நிலைப்பாடும் குறையுடையதே. 1933இல் ஆய்வுக்கு விண்ணப்பித்த கமலா பாக்வத், பெண் என்ற காரணத்தால் அவரால் மறுக்கப்பட்டார். அப்பெண்மணி விட்டுக்கொடுக்காமல் போராடியே தகுதிகாண் நிபந்தனையுடன் இடம் பெற்றார். பின்னாளில் கமலா சோஹோனி எனக் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தம் திறனை நிலைநாட்டினார். பெரியோரின் வாழ்வை எழுதும்போது இவற்றைத் தவிர்த்துவிடுவது எம்மவர் வழக்கம். தவிர்த்தால் அது துதிபாடலாகுமேயன்றி வரலாறாகாது.

1934இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நிறுவிய அவர், 1948இல் பெங்களூர் நிறுவகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தமது பெயரிலமைந்த ஆய்வு நிலையத்திலேயே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். வைரங்கள், மலர்கள், மனிதக் கண்ணின் நிற உணர்வு என அவரது நாட்டங்கள் நிறத்தைச் சுற்றியே அமைந்தன. 1954இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1970 நவம்பர் 21ஆம் திகதி தமது 82ஆவது வயதில் காலமானார். அவர் பேணி வளர்த்த நிலையத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எழுப்பப்படவில்லை. ஒரு மரம் மாத்திரம் நிற்கிறது.

வளையத்துக்குள் ஒரு விருந்தாளி

இராமன் விளைவு கண்டறியப்படுவதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே, 1891இல், பிரான்ஸ் நாட்டவரான வில்லியர்ஸ் மாப்பொருளில் நுண்ணுயிர்கள் செயற்படும்போது உண்டாகும் ஒருவகைப் படிகத்தைக் கண்டிருந்தார். ஒஸ்திரியரான ஷார்டிங்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை விரிவாக ஆராய்ந்தார். இதுவே சைக்ளோடெக்ஸ்ட்ரின். 6, 7 அல்லது 8 குளுக்கோசு அலகுகள் வளையமாகக் கைகோத்து நிற்பதால் இது அடியில்லா வாளி போன்ற வடிவம் பெறுகிறது. வெளிப்புறம் நீரை விரும்பும். உட்புறம் நீரை விலக்கி எண்ணெய்த்தன்மையுள்ளவற்றை வரவேற்கும். மருந்துகளைப் பாதுகாத்துச் சுமக்க இது உதவும் என்பது 1950களில் ஜேர்மனியில் உணரப்பட்டது. 1976இல் ஜப்பானில் இம்முறையிலான முதலாவது மருந்து விற்பனைக்கு வந்தது. 2020இல் கொவிட் பெருந்தொற்றின்போது பேசப்பட்ட ரெம்டெசிவிர் ஊசிமருந்தும் கரைவதற்குத் திருத்தியமைக்கப்பட்ட சைக்ளோடெக்ஸ்ட்ரினின் துணையையே நாடியது.

மருந்து உள்ளே புகுந்ததா என்ற தொடக்கக் கேள்விக்கு இப்போது வருவோம். இரண்டு தூள்களும் வெறுமனே கலந்திருந்தால், கலவையின் இராமன் நிறமாலை இரண்டின் தனித்தனி நிறமாலைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாற்போல இருக்கும். மருந்தின் மூலக்கூறு குழிவுக்குள் புகுந்துவிட்டால் அதன் அணுக்களின் அதிர்வு சுற்றுச்சுவரால் பாதிக்கப்படும். கோடுகள் சற்றே இடம்பெயரும், சில அகலும், சில மங்கும். கரும்பசை சேர்ந்ததும் தோலின் நாதம் மாறுகிறதல்லவா, அதுபோன்றதே இதுவும். எந்தக் கோடு இடம்பெயர்ந்தது என்பதைக் கொண்டு மூலக்கூறின் எந்தப் பகுதி உள்ளே சென்றது என்பதையும் ஊகிக்கலாம்.

மூட்டுவலி மருந்தான பைரொக்சிகாம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சைக்ளோடெக்ஸ்ட்ரினுடன் சேர்த்த பைரொக்சிகாம் ஐரோப்பாவில் 1980களின் இறுதியிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. 1990களில் இத்தாலிய ஆய்வாளர்கள் அதன் இராமன் நிறமாலையை ஆராய்ந்தனர். வளையத்தோடு இணைந்த மருந்து, நேர் ஏற்றத்தையும் எதிர் ஏற்றத்தையும் ஒருங்கே தாங்கிய வடிவத்திலேயே பெரிதும் இருப்பதை அந்நிறமாலை காட்டியது. மின்னேற்றம் தாங்கிய வடிவம் நீரோடு எளிதில் உறவாடும். மருந்து விரைவாகக் கரைவதற்கான காரணங்களுள் ஒன்றை இவ்வாறு ஒளியே புலப்படுத்தியது.

செங்கீழ்க் கதிர் முறையாலும் மூலக்கூறின் அதிர்வுகளை அறியலாம். எனினும் நீர் அக்கதிர்களைப் பெரிதும் உறிஞ்சிவிடுவதால் நீர்க்கரைசல்களில் அம்முறை இடர்ப்படுகிறது. இராமன் முறையில் நீரின் குரல் மெல்லியது; மருந்தின் குரலை அது மூழ்கடிப்பதில்லை. ஆனால் கல்கத்தாவில் இராமநாதனைக் குழப்பிய அதே புளோரொளிர்வு இன்றைய ஆய்வாளர்களுக்கும் தொல்லையாகவே உள்ளது. பல மருந்துகள் தாமே ஒளிர்ந்து மெல்லிய இராமன் கோடுகளை மறைத்துவிடுகின்றன. 1960இல் லேசர் தோன்றியமையும், 1980களில் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ் லேசரைப் பயன்படுத்தும் உத்தி வந்தமையுமே இத்தடையைப் பெருமளவு தளர்த்தின. இருந்தும் இம்முறை ஒன்றையே நம்பி எவரும் தீர்ப்பு வழங்குவதில்லை. காந்தப் பரிவு, எக்ஸ் கதிர்க் கோணல், வெப்பப் பகுப்பு ஆகியவற்றின் சாட்சியமும் ஒத்துவர வேண்டும்.

எமக்கான பாடம்

இன்று கையில் ஏந்திச் செல்லக்கூடிய இராமன் கருவிகள், மூடிய கண்ணாடிப் போத்தலையோ பிளாஸ்டிக் பையையோ திறவாமலே உள்ளிருக்கும் மருந்துப் பொருளைச் சோதிக்க உதவுகின்றன. போலி மருந்துகளைக் கண்டறியவும் அவை பயன்படுகின்றன. தேவையான மருந்துகளில் மிகப் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் எமது நாட்டில், ஒரு குளிசையின் தரம் என்பது ஏழை நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புபட்ட விடயம். யாழ்ப்பாணத்தில் ஆயினும் காத்தான்குடியில் ஆயினும் மருந்தை வாங்கும் ஒருவருக்கு அதனுள் இருப்பது என்னவென்று பார்க்க வழியில்லை. பார்க்கும் வழி விஞ்ஞானத்திடமே உண்டு.

பல்கலைக்கழக ஆய்வொன்றுக்கு நிதி கேட்டால், இதனால் உடனடியாக என்ன பயன் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. 1921இல் இராமனிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவரால் மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறியிருக்க இயலாது. அவரிடம் இருந்தது கடலின் நிறம் பற்றிய ஐயமும், மாலை வேளைகளில் திறந்திருந்த ஓர் ஆய்வுகூடமும் மாத்திரமே. அந்தக் கதவு திறந்திருந்தமைக்கு சர்க்கார் போன்றோரின் நன்கொடையும் ஆசுதோஷ் டேயின் உழைப்பும் காரணமாயின. ஏழு ஆண்டுகள் பயன் காணாமலே ஆய்வு தொடர்ந்தது.

எமது பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய கேள்விகளோடு இளைஞர்களும் யுவதிகளும் இருக்கவே செய்வர். அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றவர்களின் படங்களைச் சுவரில் மாட்டிக் காட்டுவதால் மட்டும் பயனில்லை. மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் ஆய்வுகூடத்தின் கதவு அவர்களுக்காகத் திறந்திருக்க ஆவன செய்ய வேண்டும். அதற்கான செலவை வீண்விரயமெனக் கருதாத மனப்பான்மை ஆட்சியாளரிடத்தும் நிர்வாகிகளிடத்தும் வளர வேண்டுமென்பதே எமது எதிர்பார்ப்பாகும்.